கண்ணனை இறக்கிவிடு

அப்பு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். போன வாரம் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் கோட்டும் டையுமாக நின்று, ஒரு கண்ணாடிக் கேடயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரிக்கிறாய். ஆள் இல்லை என்று இந்த வருஷம் உங்கள் ஆபீசின் கப்பல் ஒன்றுகூட நிற்கவில்லையாம், அதற்குக் கொடுத்ததாம். அதற்குக் கீழேயே ஒரு வாய்ஸ் மெசேஜும் போட்டிருந்தாய். கப்பலுக்கு ஆள் பஞ்சம் தலைக்கு மேலே போய்விட்டது, சிலமலை, ராசிங்காபுரம் பக்கம் பத்துப் பேரைப் பிடித்துக்கொடும்மா, நீ சொன்னால் வருவார்கள் என்று. அதைக் கேட்டபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்து ஒரு தாய்க்குக் குமட்டும் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் அவளைத் திட்டியிருப்பேன்.

போனில் சொன்னால் பாதியிலேயே மீட்டிங் என்பாய். அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள்தான், ஆனாலும் இருபது வருஷம் தினமும் ஆள் பேர் எழுதிய கை இது. நீளமாகத்தான் இருக்கும். உட்கார்ந்து படி.

முதலில் கண்ணன். சிலமலைக் கண்ணன் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இப்போதெல்லாம் உனக்கு ஆட்கள் பெயராக நினைவிருக்கிறார்களா, நம்பராக நினைவிருக்கிறார்களா என்பது எனக்குத் தெரியவில்லை, அதனால் சொல்கிறேன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு ஜீப்பு ஒர்க்‌ஷாப்பில் கிடந்தவன். நீ சென்னையில் கப்பலுக்கு ஆள் அனுப்பும் அந்த ஆபீசில் சேர்ந்த புதிதில், எஞ்சின் அறையில் எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஆள் வேண்டும் என்றாய். நான்தான் அவன் வீட்டு வாசலில் போய் நின்று கேட்டேன். முதல் தடவை ஒன்பது மாசம் போனான், சொன்ன தேதியில் திரும்பி வந்தான். ஊரில் உனக்கும் எனக்கும் அப்படி ஒரு பேர். அவன் கல்யாணத்தில் என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். இரண்டாவது தடவையும் ஒன்பது மாசம் என்றுதான் கையெழுத்து வாங்கினாய். மகள் தவழ்ந்துகொண்டிருந்தபோது போனவன். அந்தப் பிள்ளை இப்போது தெருவுக்கு ஓடி, யார் வந்தாலும் அப்பாவா என்று பார்க்கிறது. பதினாலு மாசம் ஆகிவிட்டது அப்பு.

ஒன்பதாம் மாசம் முடிந்தபோது, அவன் மனைவி செல்வி தினம் போன் போடுகிறாள், ஆபீஸ் நேரத்தில் தொந்தரவாக இருக்கிறது, நீ போய் ஒரு வார்த்தை சொல்லம்மா என்றாய். போனேன். மாற்று ஆள் தயார், அடுத்த துறைமுகத்தில் இறங்கிவிடுவான் என்று நீ சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். பதினோராம் மாசம் மறுபடியும் போனேன். மாற்று ஆளுக்கு விசா ஆகவில்லை, இன்னும் இரண்டு வாரம் என்றேன். அவள் காபி போட்டுக் கொடுத்தாள். பதிமூன்றாம் மாசம் மூன்றாவது தடவை. துறைமுகத்தில் சரக்கு இறக்கத் தாமதம் என்றேன். அன்றைக்கும் காபி கொடுத்தாள், ஆனால் உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே குடித்தேன். எனக்கே உறைத்தது, இருந்தாலும் மகன் பொய் சொல்ல மாட்டான் என்று குடித்து முடித்தேன்.

போன வருஷம் கண் ஆபரேஷனுக்கு உன் வீட்டில் வந்து தங்கியிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ கம்ப்யூட்டரைத் திறந்து உன் வேலையைக் காட்டினாய். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு வரி, ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கட்டம். கையெழுத்துப் போட்ட மாசக்கணக்கில் மீதி இருப்பவன் பச்சை, முடியப் போகிறவன் மஞ்சள், முடிந்தும் இறங்காதவன் சிவப்பு. எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா எனக்கு? நான் நாற்பது பக்க நோட்டில் பென்சிலால் செய்த வேலையை என் மகன் உலகம் முழுக்கச் செய்கிறான் என்று பக்கத்து வீட்டில் எல்லாம் சொன்னேன். ஏன் இத்தனை சிவப்பு என்று கேட்டேன். படித்துவிட்டு வருகிறவர்களுக்கு அனுபவம் இல்லை, அனுபவம் உள்ளவர்கள் ஒன்றிரண்டு தடவையோடு ஓடிவிடுகிறார்கள், அதனால் இருக்கிறவர்களை வைத்து ஓட்டுகிறோம் என்றாய். அப்படியானால் புதிதாகப் படித்தவர்களைக் கூடவே ஏற்றிப் பழக்க வேண்டியதுதானே என்றேன். ஒரு ஆள் கூடுதலாக ஏற்ற எந்த முதலாளியும் ஒத்துக்கொள்ள மாட்டான் என்று சிரித்தாய். கப்பல் படிப்பு என்று போடி பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருக்கிற நோட்டீசை நம்பிப் படித்துவிட்டு, கையில் சர்ட்டிபிகேட்டோடு ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்து காய் தரம் பிரிக்கிறவனை எனக்குத் தெரியும். அவனுக்கு ஏறக் கப்பல் இல்லை, கண்ணனுக்கு இறங்கக் கரை இல்லை, உங்களுக்கு ஆள் பஞ்சம். இது என்ன கணக்கு என்று எனக்கு அன்றைக்கும் விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை. சரி, சிவப்பில் இருக்கிறவர்கள் பாவம் இல்லையா என்று கடைசியாகக் கேட்டேன்.

"அவங்களுக்குப் பழகிருச்சும்மா" என்றாய்.

அதைக் கேட்டு அன்றைக்கே உன் கன்னத்தில் ஒன்று விட்டிருக்க வேண்டும். ஒரு கண்ணில் கட்டுப் போட்டிருந்தார்கள், உன் முகம் சரியாகத் தெரியவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

இந்த மாசம் தொடக்கத்தில் செல்வி என்னைத் தேடி வந்தாள். கண்ணனின் வலது முழங்கைக்குக் கீழே சூடான எண்ணெய் தெறித்து வெந்துபோயிருக்கிறது. துணியைச் சுற்றிக்கொண்டு அதோடேயே வேலை பார்க்கிறான். அவனோடு இருந்த இன்னொருவன் உடம்பு முடியாமல் இறங்கிவிட்டான், அவனுக்குப் பதில் ஆள் வரவில்லை, இரண்டு பேர் சோலியை இவன் ஒருவனே பார்க்கிறான். சேர்ந்தாற்போல நாலு மணி நேரம் தூங்குவதில்லை, ஆனால் தூங்கியதாக ஏட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறான். அதற்கு முந்தின வாரம் பேசிக்கொண்டிருக்கும்போதே போனைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டானாம். வீடியோவில் அவன் வாய் திறந்து தூங்குவதை இவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஓடுகிற எஞ்சினுக்குப் பக்கத்தில் இப்படித் தூங்கினால் என்ன ஆகும் பெரியம்மா என்று கேட்டாள். அதைவிட இன்னொன்று சொன்னாள். பதினோராம் மாசம் கப்பலிலேயே அவனைக் கூப்பிட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். என் சொந்த விருப்பத்தின் பேரில், முழுச் சம்மதத்துடன், மேலும் பணியில் தொடர விரும்புகிறேன் என்று. போடாவிட்டால் இனி இந்தக் கம்பெனியில் கூப்பிட மாட்டார்கள் என்று சொல்லித்தான் வாங்கியிருக்கிறார்கள். அந்தத் தாள் உன் மேஜையில் தயாராகி உன் மெயிலில்தான் போயிருக்கிறது. கீழே உன் பேர் இருந்ததைக் கண்ணன் படம் பிடித்து அனுப்பியிருக்கிறான், நானும் பார்த்தேன். சம்மதம் என்ற சொல்லை இத்தனை அழுக்காக நான் எங்கேயும் பார்த்ததில்லை.

அப்போதும்கூட, மாற்று ஆள் கிடைக்காமல் நீ என்ன செய்வாய் என்று மனசின் ஒரு மூலை உனக்காக வாதாடியது. அந்த மூலையையும் நீயே இடித்துத் தள்ளிவிட்டாய். நாலு நாளுக்கு முன்னால் போடி பஸ் ஸ்டாண்டில் ராசிங்காபுரத்து வேலுச்சாமியைப் பார்த்தேன். அவர் மகனையும் கப்பலுக்கு அனுப்பியது நாம்தான். எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், என்னைக் குத்தவேண்டும் என்றெல்லாம் இல்லை.

"கண்ணனுக்குப் பதிலாத்தேன் எம்மகனைக் கெளப்புனாக. டிக்கெட்டு, விசா எல்லாம் அந்தக் கப்பலுக்குத்தேன். ஏர்போர்ட்டுக்குள்ள போனபெறகு போன் போட்டு வேற கப்பலுக்கு மாத்திட்டாகளாம்க்கா. அது பெரிய முதலாளி கப்பலாம், நின்றப்படாதுன்னு."

தேதியைக் கேட்டேன். நான் செல்வி வீட்டில் நின்றுகொண்டே காபி குடித்த அதே வாரம். சரக்கு இறக்கத் தாமதம் என்று என் வாயில் நீ வைத்து அனுப்பினாயே, அந்த வாரம். ஆள் இருந்தான் அப்பு. பெட்டி கட்டி, அப்பன் காலில் விழுந்து கிளம்பிய ஆள் இருந்தான். பெரிய முதலாளி கோபித்துக்கொள்வான் என்று அவனை அங்கே திருப்பிவிட்டாய். கோபித்துக்கொள்ள வழியில்லாத கண்ணனை உள்ளேயே விட்டுவிட்டாய். கேடயம் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இதற்கெல்லாம் உன்னை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நான் யோக்கியமானவள் இல்லை. நீ இதை எந்தக் காலேஜிலும் படிக்கவில்லை, என்னிடம்தான் படித்தாய். உனக்கு மறந்திருக்காது, பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த சமயம். உன் அப்பா ஜீப்பு ஓட்டுவார், நான் விடியுமுன் வீடு வீடாகக் கதவைத் தட்டி ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றுவேன். நம் பிழைப்பே அதுதான். மலைக்கு ஏறும்போது தலையை எண்ணுவோம், தோட்டத்தில் இறக்கியதும் மேனேஜர் ஒரு தடவை எண்ணுவார். கீழே இறங்கும்போது எண்ணுகிற பழக்கம் எங்களில் யாருக்கும் கிடையாது. அந்தத் தடவை பூப்பாறைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் காய் நன்றாகப் பிடித்திருந்தது. தினம் ஏறி இறங்கினால் கட்டாது, பத்து நாள் அங்கேயே கூலியாட்களின் லயத்து வீடுகளில் தங்கி எடுக்க வேண்டும் என்று இருபது பேரைக் கொண்டுபோனோம். நீயும் பேர் எழுத வந்தாய்.

ஆறாம் நாள், செல்லத்தாயின் மகள் பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்று ஊரிலிருந்து தகவல் வந்தது. வீட்டில் வேறு பெண்பிள்ளை இல்லை, அப்பன் பிழைப்புக்கு எங்கேயோ போனவன். செல்லத்தாய் என்னிடம் வந்து ஜீப்பைக் கேட்டாள். ஒருத்தியை இறக்கினால் ஆளுக்கொரு காரணம் சொல்லி எல்லாரும் இறங்குவார்கள், ஆள் குறைந்தால் அடுத்த சுற்று உனக்குக் கிடையாது என்று மேனேஜர் சொல்லியிருந்தார். நாளைக்கு ஜீப்பு வருது என்றேன். மறுநாள் கேட்டாள், நாளைக்கு என்றேன். உன் அப்பா என்னைத் தனியே கூப்பிட்டு, ஒரு நடை போய் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன், பாவம் என்றார். உங்களுக்கு ஆள் வைத்துச் சோலி பார்க்கத் தெரியாது என்று அவர் வாயை அடைத்தேன். நீ நோட்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தாய்.

"நாளைக்கும் ஜீப்பு வராதேம்மா?" என்று கேட்டாய்.

"வருதுன்னு சொன்னாத்தேன் கை ஓடும். நீ பேரை எழுது" என்றேன்.

நீ எழுதினாய். தகவல் வந்து நாலாம் நாள் கீழே இறங்கியபோது அந்தப் பெண் என்ன ஏது என்று புரியாமல் மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரிகள் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள், தாய் இல்லாமல். செல்லத்தாய் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"வராதுன்னு சொல்லியிருந்தா நடந்தே எறங்கியிருப்பேனேக்கா."

அவள் சொன்னது சத்தியம். பழைய நடைபாதை இருக்கிறது, ஒரு பகலில் இறங்கிவிடலாம். நான் ஜீப்பைக் கொடுக்காதது பெரிய பாவம் இல்லை அப்பு, ஆயிரம் பேர் அப்படித்தான். வரும் என்று சொல்லி அவள் காலைக் கட்டிப்போட்டேன் பார், அதுதான் பாவம். அதற்கப்புறம் அவள் என் ஜீப்பில் ஏறவில்லை. அவள் தெருவிலும் யாரும் ஏறவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நான் தட்டிய கதவுகள் திறக்காமல் போயின. ஆள் கிடைக்கவில்லை, எல்லாருக்கும் சோம்பேறித்தனம் வந்துவிட்டது என்று நானும் ஊர் முழுக்கப் புலம்பினேன், தோட்டக்காரர்களும் புலம்பினார்கள். இப்போது வடக்கேயிருந்து ஆள் கொண்டுவருகிறார்கள். அவர்களும் இரண்டு வருஷத்தில் ஓடுகிறார்கள், அப்புறம் அதைவிடத் தூரத்திலிருந்து வேறு ஆட்கள். நீயும் அதைத்தானே செய்கிறாய்? இந்த நாட்டில் தீர்ந்தால் அந்த நாடு, அங்கேயும் தீர்ந்தால் இன்னொன்று. ஏற்றியவனை நேரத்துக்கு இறக்கிவிட்டிருந்தால் அவனே தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பான். இதைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டரும் கட்டமும் எதற்கு? பஞ்சம் என்று நீங்கள் சொல்வது தானாக வந்தது இல்லை. நீங்களே உண்டாக்கி, அதையே காரணமாகச் சொல்லி, அதற்குக் கேடயமும் வாங்கிக்கொள்கிறீர்கள். சீ.

செல்லத்தாய்க்காவது நடக்க மலை இருந்தது. கண்ணனுக்குச் சுற்றிலும் தண்ணீர்.

நீ பத்துப் பேர் கேட்டாயே, அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஒருத்தரும் கிடைக்க மாட்டார்கள். நான் கேட்டுப் பார்த்துவிட்டு இதைச் சொல்லவில்லை, கேட்கவே போவதில்லை. கண்ணன் வீட்டுத் திண்டாட்டம் சிலமலையில் எல்லாருக்கும் தெரியும். யாராவது என்னிடம் கப்பல் வேலை பற்றி விசாரித்தால் நடந்ததை நடந்தபடி சொல்லப் போகிறேன். மகன் பேரைக் கெடுக்கிறாளே என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள், பேசட்டும். இனி என் வாயை உன் ஆபீசுக்கு வாடகைக்கு விடுவதாக இல்லை.

நீ கெட்டவன் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. எனக்குக் கண்ணுக்குச் சொட்டு மருந்து ஊற்ற ஆபீசிலிருந்து மத்தியானம் ஓடி வந்தவன் நீ. தெருநாய் அடிபட்டால் சோறு இறங்காது உனக்கு. அப்படிப்பட்டவன் ஒரு கட்டத்தில் சிவப்பைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போகிறாய் என்றால், அந்த நாற்காலி உன்னை என்னவோ செய்திருக்கிறது. எனக்கு அந்த நாற்காலிகூடக் கிடையாது, ஜீப்பின் முன்சீட்டுத்தான், அதிலேயே எனக்கு அது நடந்தது. மேலே இருக்கிறவன் சொல்கிறான் என்பாய். எனக்கும் மேனேஜர் சொன்னார். கண்ணனை இறக்கினால் வேலை போய்விடும் என்பாய். போகட்டும், வா. இங்கே சோறு இருக்கிறது. அந்தச் சம்மதத் தாளில் கையெழுத்து வாங்கிச் சம்பாதித்ததில் எனக்கு இனிமேல் ஒரு மாத்திரைகூட வாங்கி அனுப்பாதே.

நேற்று செல்வி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மாற்று ஆள் கிளம்பியது, ஏர்போர்ட்டில் திரும்பியது, மூன்று தடவை நான் சொன்னது மூன்றுமே பொய் என்பது வரைக்கும். அவள் கத்துவாள், அழுவாள், வெளியே போ என்பாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போனேன். அவள் பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள், சீவி முடித்து ரிப்பனும் கட்டினாள்.

"அண்ணன் சொன்னத நான் எப்பவோ நம்பறத விட்டுட்டேன் பெரியம்மா. நீங்க நேர்ல வந்து சொன்னீகல்ல, அதத்தேன் நம்புனேன்" என்றாள்.

செருப்பால் அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. மன்னித்துவிடு என்று நான் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து தூங்குவதும் ஒரு திருட்டுத்தான் என்று பட்டது. அதனால் உன் வீட்டு விலாசத்தையும் ஆபீஸ் விலாசத்தையும் எழுதிக் கொடுத்தேன். போடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் இடம் போட்டுக் கொடுத்தேன். உன்னிடம் என்ன கேட்க வேண்டும் என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். கண்ணனின் சம்மதத் தாள், வெந்த கையின் படம், வேலுச்சாமி மகனின் முதல் டிக்கெட், எல்லாம் அவள் பையில் இருக்கின்றன. நீ முடியாது என்றால் அடுத்து எந்த அரசாங்க ஆபீசில் போய் நிற்க வேண்டும் என்பதையும் விசாரித்து எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை அப்பு. உன் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, இப்போது உன் எதிரில் உட்கார்ந்திருப்பவள்தான் செல்வி. கவரை நான் ஒட்டவில்லை. இதில் உள்ள ஒவ்வொரு வரியையும் அவளிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். தலையை நிமிர்த்தி அவளைப் பார். கம்ப்யூட்டரைத் திற. கண்ணனுக்குப் பதில் போகிறவனுக்கும் கண்ணனுக்கும் டிக்கெட்டை அவள் கண் முன்னாலேயே போடு. அந்த டிக்கெட் கைக்கு வராமல் அவள் எழுந்திருக்க மாட்டாள். நான்தான் அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

உன் அம்மா